நான்கு கைகளிலும் ஏழு

ஜூன் 10, திங்கள்

ஓடிக்கொண்டிருந்த புல்லியில் எழுதியிருந்த ஏழு என்ற எண்ணை இன்று என்னால் படிக்க முடிந்தது.

அதைத்தான் முதலில் கவனித்தேன். ஓடும் புல்லியில் எழுத்து தெரியாது. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்தான் தெரியும். இன்று பதினொரு மணிக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது வட்டத்தைக் காணவில்லை. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் புல்லியின் நான்கு கைகளும் தனித்தனியாக நின்றன. நான்கிலும் ஏழு இருந்தது, கொஞ்சம் மங்கலாக. மயிலக்கா ஒரு கையில்தான் எழுதினார். அவர் எழுதியதை நான் பார்த்தேன்.

உள்ளே போய் மெஷின் மேசையில் கை வைத்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. புல்லி மட்டும் நின்றது. பிறகு நான்கு ஏழுகளும் மெல்லப் பின்பக்கமாக நகர ஆரம்பித்தன.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும்போது அரிசியும் அம்மாவின் மாத்திரையும் வாங்கினேன்.

ஜூன் 11, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே கிறுக்கு மாதிரி இருக்கிறது. அதனால் இடத்தைப் பற்றி ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

கணபதி என்கிற பகுதியில் புல்லி, அதாவது பெல்ட் மாட்டி ஓட்டும் சக்கரம், செய்யும் ஒரு சிறிய பட்டறை. நாங்கள் பதினான்கு பேர். செய்த புல்லி ஒரு பக்கம் கனமாக இருந்தால் ஓடும்போது உதறும். எந்தப் பக்கம் கனம் என்று பார்ப்பது பாலன்சிங் அறையில். அங்கே மயிலாத்தாள் அக்கா வேலை செய்கிறார். காற்று பட்டால் மெஷின் தப்பாகக் காட்டும் என்று ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். பகலிலும் இரண்டு டியூப்லைட்தான். அடுத்த கொட்டகையில் பிரஸ் அடிக்கும் சத்தத்தில் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று காதுக்குத் தெரியாது. மயிலக்கா காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

தினமும் பதினொரு மணிக்கு மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாதிரிப் புல்லி ஒன்றை ஓட்டுவார்கள். அதன் ஒரு கையில் வேண்டுமென்றே ஏழு கிராம் எடை ஒட்டியிருக்கிறது. அந்தக் கையில் மயிலக்கா சாக்பீஸால் 7 என்று எழுதுவார். அரை மணி நேரம் ஓட வேண்டும்.

என் மேசை கண்ணாடிக்கு வெளியே, டிரைவ் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தப் பெட்டிதான். பெட்டி ஹெர்ட்ஸில் காட்டும். ஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடிக்கு எத்தனை முறை என்பது. புல்லி வாங்குகிறவர்களோ நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்பார்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றி ரெஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. அறுபதால் பெருக்கு. இந்த மோட்டாருக்கு அதில் பாதி. ஆக ஒரு ஹெர்ட்ஸுக்கு முப்பது சுற்று. மின்வாரியக் கரண்டின் ஹெர்ட்ஸைக் காட்ட இன்னொரு மீட்டரும் இருக்கிறது. அதையும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும். யாருடனும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வேலை பிடித்திருக்கிறது.

போன வாரத்திலிருந்து மாதிரிப் புல்லியை நிமிடத்துக்குச் சரியாக 1500 சுற்றில் ஓட்டுகிறார்கள். புல்லி வாங்கப் புதிதாக வந்திருக்கிற பார்ட்டி அப்படிக் கேட்கிறதாம். டிரைவ் பெட்டியின் மேல் யாரோ சாக்பீஸால் 52 என்று எழுதியிருக்கிறார்கள்.

ஜூன் 14, வெள்ளி

தண்ணீர் வந்தது. பதினொரு குடம் பிடித்தேன்.

புல்லி இன்றும் நின்றது. மீட்டர் 49.8 காட்டியபோது ஏழுகள் முன்பக்கமாக ஊர்ந்தன. 50.2 காட்டியபோது பின்பக்கமாக. 50.0 வந்ததும் நின்றுகொண்டன. தூங்குகிற ஆள் மூச்சு விடுவதுபோல இருக்கிறது.

மயிலக்கா பஞ்சை எடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"ஏம்புள்ள, கண்ணாடில பேயப் பாத்தாப்புல பாக்கற?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"உனக்கு அந்த ஒண்ணுமில்லீங்க்காவ உட்டா வேற பேச்சே வராதா? நாளைக்கு மாப்பிள்ள வந்து புடிச்சிருக்குதான்னு கேட்டாலும் இதையேதான் சொல்லுவியாட்ட இருக்குது."

சிரித்தேன். அவர் கொடுத்த முறுக்கைத் தின்றேன். சொல்லியிருக்கலாம்.

ஜூன் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். மத்தியானம் அம்மா தூங்கும்போது மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினெட்டு. அறுபதால் வகுத்தால் 0.3 ஹெர்ட்ஸ். என் நாடி எழுபத்திரண்டு, 1.2 ஹெர்ட்ஸ். எதை எண்ணினாலும் இப்படித்தான் மாற்றத் தோன்றுகிறது.

பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றேன். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று எல்லோரிடமும் சொன்னோம். ஆபரேஷன் நடந்தது உண்மைதான். அதற்கு முந்தின வாரம் அறிவியல் பாடத்தில் அதிர்வெண்ணைப் பற்றி எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த பாடம். நாற்பது வினாடி நின்றேன். பிறகு வகுப்பு சிரித்தது.

ஜூன் 18, செவ்வாய்

நான் பார்க்கும்போதுதான் நிற்கிறதோ என்று இன்று பதினொரு மணிக்குக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பதினொன்றரை வரை மீட்டரை மட்டும் பார்த்தேன்.

ஜூன் 19, புதன்

மயிலக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

மாதிரிப் புல்லியைப் பதினொரு மணிக்கு ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து புல்லிக்குள் கையை விட்டார். அப்போது பதினொன்று இருபது. நான் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தேன். மீட்டர் 50.0.

ஒரே முறைதான் கத்தினார். ஒரே முறை நடப்பதற்கு அதிர்வெண் கிடையாது.

ஆட்டோவில் ஏற்றும்போது, "நின்னுருந்துச்சு, நான் பாத்தனே, நின்னுருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ராத்திரி அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை.

ஜூன் 20, வியாழன்

சூப்பர்வைசர் தேவராஜ் சார் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"வேணி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தது நீ ஒருத்திதான். புல்லி ஓடிக்கிட்டு இருந்தது நல்லாத் தெரிஞ்சுது, கவனமில்லாம கை வெச்சுட்டாங்கன்னு எழுதியிருக்குது. படிச்சுப் பாத்துட்டுப் போடு."

புல்லி ஓடிக்கொண்டிருந்தது உண்மை. தெரிந்தது என்பதுதான் பொய்.

"என்ன அம்மிணி யோசன? உன்ற மேல ஒண்ணும் வராது."

கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 22, சனி

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மயிலக்காவின் கை பெரிய வெள்ளைப் பொட்டலமாக இருந்தது. பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். காகிதத்தைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

மயிலக்கா கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு கண்ணு. அன்னிக்கு நாலு கையிலயும் ஏழுன்னு எழுதுனது நீயா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"டீ குடிச்சுட்டு வந்து பாக்கறேன், புல்லி நிக்குது, நாலு கையிலயும் ஏழு. செரி, எவளோ வெளையாடியிருக்கறா, இது தப்பாப் போயிருமேன்னு பெருவெரல்ல தொடைக்கலாம்னு குனிஞ்சேன். அவ்வளவுதான் தெரியும். இதச் சொன்னா அந்தத் தேவராசு சிரிக்கறான். மயக்கத்துல ஒளர்றாங்கங்கறான். என்ற வீட்டுக்காரரே ஒரு மாதிரியாத்தான் பாக்கறாரு. எனக்கு மண்ட கொழம்பிப் போச்சா வேணி?"

ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கித் தின்றார்.

கவனக்குறைவு என்று முடித்துவிட்டால் அவருக்கு நஷ்டஈடும் இல்லை, திரும்ப வேலையும் இல்லையாம். அதைவிட, தன் கண்ணையே நம்பாமல் அவர் எப்படி இருப்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 24, திங்கள்

பாலன்சிங் அறை வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி நாலு மூலையிலும் வைத்தார்கள். உள்ளே வேலை செய்ய யாரும் வரவில்லை. "அந்தச் சக்கரம் ஆளப் பாத்து நிக்குதாமா" என்று பேசிக்கொள்கிறார்கள்.

என்னை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டார் தேவராஜ் சார். நான் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

மாதிரிப் புல்லியைக் கழுவி வைத்திருந்தார்கள். ஏழு அழிந்து போயிருந்தது. நானே ஒரு கையில் எழுதி ஓட விட்டேன்.

பதினொன்று இருபதுக்கு அது நின்றது. நானும் அதுவும் மட்டும். நான்கு ஏழுகள். வா, வந்து துடை என்பதுபோல அவ்வளவு அமைதியாக இருந்தது. என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் கை போகப் பார்த்தது.

ஜூன் 26, புதன்

அறையைப் பெருக்கும்போது சீமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குக் குச்சி கழன்று வந்தது. அதை டியூப்லைட்டுக்குக் கீழே சும்மா வேகமாக ஆட்டினேன். ஒரு ஈர்க்கு விசிறிபோலப் பத்துப் பன்னிரண்டு ஈர்க்காகத் தெரிந்தது. வாசலுக்கு வந்து வெயிலில் ஆட்டினேன். ஒரே தீற்றலாக இருந்தது. மறுபடி உள்ளே. பத்துப் பன்னிரண்டு.

வயர்மேன் ஆறுச்சாமி அண்ணன் பீஸ் போட வந்தவர் பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள, பேயோட்டறயா?"

ஈர்க்கை ஆட்டிக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது.

"டியூப்லைட்டு அணஞ்சு அணஞ்சுதான் எரியும். வினாடிக்கு நூறு தடவ. நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் மெஷின் ஓடற எடத்துல ரெண்டு டியூப்ப ரெண்டு வேற லைன்ல போடறது. ஒண்ணு மங்கறப்ப இன்னொண்ணு எரியோணும். எங்காளுக எல்லாரும் அப்படித்தான் போடுவோம்."

"இங்கீங்களா?"

அவரிடம் நான் பேசிய முதல் சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

"இங்கயும் அப்படித்தான் இருந்துச்சு. எட்டாந் தேதி ஒரு லைன் போயிருச்சு. சித்த நேரத்துக்குன்னு ரெண்டையும் ஒரே லைன்ல குடுத்தேன்." ஏணியை எடுத்துக்கொண்டார். "வெளிய சொல்லிப் போடாத தாயி. எனக்கும் ரெண்டு புள்ளைங்க."

ஜூன் 28, வெள்ளி

காலையில் மழை. ஜூரம் மாதிரி இருக்கிறது. லீவு போட்டேன். கணக்கை எழுதிப் பார்த்தேன்.

கரண்டு சரியாக 50.0 ஹெர்ட்ஸில் இருந்தால் டியூப்லைட் வினாடிக்கு 100 முறை எரிந்து அணையும்.

புல்லி நிமிடத்துக்கு 1500 சுற்று. அறுபதால் வகுத்தால் வினாடிக்கு 25.

ஆக, விளக்கு ஒருமுறை எரிந்து மறுமுறை எரிவதற்குள் புல்லி சரியாகக் கால் சுற்று சுற்றியிருக்கும். ஒரு கை இருந்த இடத்தில் அடுத்த கை வந்திருக்கும். விளக்கு எரியும் போதெல்லாம் அதே நான்கு இடத்தில் நான்கு கைகள். ஏழு எழுதிய கை நான்கு இடத்துக்கும் மாறி மாறி வரும். அதனால் நான்கு ஏழு. மங்கலாக.

நிஜமாகவே நின்ற புல்லியில் ஒரு ஏழுதான் இருக்கும். நான்கு ஏழைப் பார்த்தேன் என்று மயிலக்கா சொல்வது உளறல் இல்லை. விளக்கின் வேலை அது.

பழையபடி 50 ஹெர்ட்ஸில் ஓட்டியிருந்தால், கணக்குக்கு 1500 வந்தாலும், மோட்டார் அறுபது சுற்று பின்தங்கி 1440தான் சுற்றும். அப்போது புல்லி நகர்வது தெரியும், யாரும் கை வைக்க மாட்டார்கள். 52 வைத்தால்தான் சரியாக 1500.

பெட்டியில் 52 என்று எழுதியது யாரோ இல்லை. நான். "1500 வேணும்னா எத்தன வெக்கோணும்?" என்று தேவராஜ் சார் கேட்டார். பின்தங்கும் அறுபதைக் கூட்டி, 1560, முப்பதால் வகுத்து, அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். "பரவால்லியே, கெட்டிக்காரி" என்றார். அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பத்தொன்பதாம் தேதி நான் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. 50.0 என்று எழுதி முடித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். மயிலக்கா குழந்தையின் வாயைத் துடைப்பதுபோலப் பெருவிரலை நீட்டிக்கொண்டு குனிந்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். எண்ணிப் பார்த்தேன். மூன்று வினாடி இருந்தது.

ஜூன் 29, சனி

அம்மா நோட்டைப் பார்த்துவிட்டாளோ என்று பயந்தேன். இல்லை. அவளுக்கு என் கையெழுத்து படிக்க வராது.

ஜூலை 1, திங்கள்

மயிலக்காவின் வீட்டுக்காரர் மனு கொடுத்திருக்கிறார். புதன்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் மேடம் வருகிறார்.

தேவராஜ் சார் பெட்டியை 50க்குக் குறைத்துவிட்டு, என் 52ஐ ஈரத்துணியால் துடைத்தார். "மேடம் கேட்டா எப்பவுமே அம்பதுதான்னு சொல்லு. கேக்க மாட்டாங்க. கேட்டாலும் நீ எங்க பேசப் போற?" என்று சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை. அம்மாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவர்.

ஆறுச்சாமி அண்ணன் இன்று வரவில்லை. இரண்டு டியூப்லைட்டும் இன்னும் ஒரே லைனில்தான் இருக்கின்றன. ஈர்க்கை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

தண்ணீர் வந்தது. ஒன்பது குடம்.

கண்ணாடி முன்னால் நின்று "மேடம்" என்று சொல்லிப் பழகினேன். அதுவரை வருகிறது. அடுத்த சொல் வரவில்லை.

ஜூலை 3, புதன்

இன்ஸ்பெக்டர் மேடம் பத்தே முக்காலுக்கு வந்தார். மெலிந்த உருவம், பெரிய கைப்பை. மயிலக்காவும் வீட்டுக்காரரும் பாலன்சிங் அறைக்குள் வாசலோரம் நின்றார்கள். மயிலக்கா கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

மேடம் மாதிரிப் புல்லியை ஓட்டிக் காட்டச் சொன்னார். நான் ஒரு கையில் 7 எழுதினேன். 50 ஹெர்ட்ஸில் ஓடியது. ஏழுகள் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"இது ஓடறது நல்லாத் தெரியுதே" என்றார் மேடம்.

"அதத்தானுங்க மேடம் நாங்களும் சொல்றோம்" என்றார் தேவராஜ் சார். "அவங்க வீட்டுக் கவலைல இருந்திருக்காங்க. நின்னுச்சுங்கறாங்க, நாலு ஏழுங்கறாங்க. பாவம், என்னத்தச் சொல்றது."

மேடம் மயிலக்காவைப் பார்த்தார். "ஏம்மா, ஓடிட்டிருந்தத நின்னதா நெனச்சுட்டீங்களா?"

மயிலக்கா முந்தானைக்குள் இருந்த கையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அப்படித்தான் இருக்குமுங்க" என்றார். "எனக்கு இப்ப எதுவும் நெச்சயமாத் தெரியலீங்."

மேடம் பேனாவைத் திறந்தார். "சாட்சி யாரு? வேணி. நீதானாம்மா? இந்தக் கையெழுத்து உன்னோடதா? ஏதாவது சொல்லணுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். பதினொன்று வரை எண்ணினேன். மேடம் என்ற சொல்கூட வரவில்லை.

"அது பேசாதுங்க மேடம்" என்றார் தேவராஜ் சார்.

நான் வெளியே போனேன். பயந்து ஓடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். டிரைவ் பெட்டியின் முன்னால் நின்று திருகினேன். 50. 51. 52. தேவராஜ் சார் "ஏய் புள்ள" என்றார். மேடம் அவரைப் பார்த்து, இருங்கள் என்று கையைக் காட்டினார்.

மீட்டரில் 49.8. நான் காத்திருந்தேன். யாருக்கும் நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. 49.9. பிரஸ் அடித்துக்கொண்டே இருந்தது. மயிலக்கா மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி 49.8. 49.9.

50.0.

உள்ளே மேடத்தின் குரல் கேட்டது. "அட, நின்னுடுச்சே. யாரு நிறுத்தினது?"

நான் வாசலுக்கு வந்தேன். மேடம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "இந்தப் பொண்ணு ஒரு கையிலதானே எழுதினா? இப்ப நாலுலயும்..." என்று சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலை நீட்டினார்.

மயிலக்கா கத்தினார்.

மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். மூலையிலிருந்த சீமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அசையாமல் நின்ற அந்த ஏழின்மேல் வைத்தேன். ஈர்க்கு பொடியாகத் தெறித்தது.